செய்வித்தவரும் செய்தவரும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., கணிதம்

எங்கள் ஊர் கீழக்குயில்குடி. மதுரைக்கு மேற்கே சமணர் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அய்யனார் கோயிலையும் தாமரைக் குளத்தையும் காண விடுமுறை நாட்களில் நகரத்திலிருந்து பலர் வருவர். அவர்களுள் சிலர் படியேறிப் பேச்சிப்பள்ளம் வரை சென்று, பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ள தீர்த்தங்கரர் திருமேனிகளைக் கண்டு வியந்து திரும்புவர். ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட சிற்பங்கள் அவை. அவற்றின் கீழே வட்டெழுத்தில் கல்வெட்டுகள் உள்ளன. பள்ளிநாளில் எங்களை அங்கே அழைத்துச் சென்ற ஆசிரியர் ஒருவர், அவற்றுள் ஒன்றின் பொருளைச் சொன்னார். அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் ‘செய்வித்த திருமேனி’ என்பது அதன் செய்தி.

அன்று நான் ஒரு கேள்வி கேட்டேன்: “செய்வித்தவர் குணமதியார். செய்தவர் யார் சார்?”

ஆசிரியர் சிரித்துக்கொண்டே, “அதைக் கல்லில் எழுதவில்லையே, அம்மா” என்றார்.

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. கல்லூரியில் கணிதம் படிக்க வந்த பிறகு அது வேறொரு வடிவில் என் முன்னே வந்து நின்றது. அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

கலை என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது என்ன? தனியறையில் அமர்ந்து தூரிகையோடு சிந்தனையில் ஆழ்ந்திருக்கும் ஒரு மனிதர். கலைஞர் என்றால் ஒருவர். கலை என்றால் அவருடைய உள்ளத்து எழுச்சி. இப்படித்தான் நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். ஆனால் உலகில் விலைக்குச் செய்யப்படும் கலைப்பொருள்களுள் பெரும்பங்கு பல கைகள் கூடிச் செய்தவை. பல கைகள் கூடுமிடத்தில் யார் எதை எப்போது முடிப்பது, யார் யாரிடம் ஒப்படைப்பது, காலம் தவறினால் யார் பொறுப்பு என்ற கேள்விகள் தாமே எழும். இவற்றை ஒழுங்குபடுத்துவதைத்தான் மேலாண்மை என்கிறார்கள். ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் மட்டுமே உரியது என்று நாம் கருதும் இந்த மேலாண்மை, கலைக்கூடங்களுக்கும் வேண்டும் என்பதும், அது கலைஞரை விரட்டுவதற்காக அன்றி அவரைக் காப்பதற்காக வேண்டும் என்பதும் என் கருத்து.

கலைக்கூடம் என்று நான் சொல்வது நகரத்து ஓவியரின் கண்ணாடி அறையை அன்று. எங்கள் வட்டாரத்துப் பொம்மைப் பட்டறையை. விளாச்சேரிக் களிமண் பொம்மைகளை அறியாதவர் மதுரையில் இரார். நவராத்திரிக் கொலுவுக்கும் விநாயகர் சதுர்த்திக்கும் கிறிஸ்துமஸ் குடிலுக்கும் அங்கிருந்து பொம்மைகள் ஊர் ஊராகப் போகின்றன. அப்படிப்பட்ட பட்டறைகளை நம்பிச் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. என் அம்மாவும் ஒரு பட்டறையில் வண்ணம் தீட்டுகிறவர். அப்பாவுக்குக் கொத்து வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

ஒரு தசாவதாரச் செட் எப்படி உருவாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்மாயிலிருந்து வந்த மண்ணை ஊறவைத்து, கல்லும் வேரும் நீக்கி, மிதித்துப் பதப்படுத்த வேண்டும். பின்பு முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்றாக அச்சில் அழுத்தி எடுத்து, இரண்டையும் ஒட்டி, ஒட்டிய கோடு தெரியாமல் வழித்துவிட வேண்டும். அடுத்து உலர்த்தல். அதன்பின் சூளை. சூளையிலிருந்து வந்ததும் வெள்ளைப் பூச்சு. அது காய்ந்த பிறகு மேனி வண்ணம். அது காய்ந்த பிறகு உடையும் நகையும். கடைசியில் கண் திறப்பு. கண் திறப்பதை மட்டும் பட்டறைப் பெரியவர் வேறு யாரிடமும் கொடுப்பதில்லை. அதற்கும் பிறகு வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குதல். ஒரு சாண் உயரமுள்ள வாமனர் ஏழெட்டுப் பேர் கைகளைக் கடந்தே கொலுப்படி ஏறுகிறார்.

சென்ற ஆண்டு எங்கள் வட்டாரத்துப் பட்டறை ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். வெளியூர் வியாபாரி ஒருவர் ஆனி மாதம் முன்பணம் கொடுத்து நாற்பது தசாவதாரச் செட்டுகள் கேட்டார். நாற்பது செட்டு என்றால் நானூறு பொம்மைகள். புரட்டாசி பிறந்ததும் சரக்கு வேண்டும் என்பது பேச்சு. நாள் நிறைய இருக்கிறது என்று எல்லோரும் எண்ணினர். மண் வர பத்து நாள் தாமதம். அச்சுகளில் சில வேறொரு ஆர்டருக்குப் போயிருந்தன. அங்கே ஒரு வாரம் நின்றது. உலர்த்தும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஈரம் முழுதும் போகாமலே சூளையில் ஏற்றினர். பலவற்றில் வெடிப்பு. வெடித்தவற்றுக்கு மாற்றுச் செய்து சுட்டு எடுத்தபோது வண்ணத்திற்கு மிஞ்சியது நான்கே நாட்கள்.

அந்த நான்கு நாட்களும் என் அம்மாவும் மற்றப் பெண்களும் இரவு பகலாக வேலை செய்தனர். நானும் இரண்டு இரவுகள் போய் நகைகளுக்குத் தங்க வண்ணப் புள்ளி வைத்தேன். வெள்ளை காய்வதற்குள் மேனி வண்ணம். மேனி காய்வதற்குள் உடை. சரக்குப் போன இரண்டாம் வாரம் வியாபாரியிடமிருந்து தகவல் வந்தது. பாதிப் பொம்மைகளில் வண்ணம் உரிந்துவிட்டதாம்; பணத்தைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பணம் யார் கூலியில் கழிந்தது என்று நினைக்கிறீர்கள்? வண்ணம்தானே உரிந்தது? வண்ணம் தீட்டிய பெண்களின் கூலியில் கழிந்தது. அம்மா என் தேர்வுக் கட்டணத்திற்கென்று எண்ணி வைத்திருந்த பணம் அது.

அம்மா கோபப்படவில்லை. “கடைசியா கை வச்சது நாங்கதானே” என்றார். எனக்குத்தான் உறக்கம் வரவில்லை. தாமதம் பிறந்த இடம் மண். வளர்ந்த இடம் அச்சு. முற்றிய இடம் சூளை. பழி வந்து விழுந்த இடமோ வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தவர் மடி. மேட்டில் உடைந்த வாய்க்காலுக்குக் கடைமடைக்காரன் தண்டம் கட்டிய கதைதான்.

இந்த நேரத்தில்தான் வகுப்பில் செயல்முறை ஆய்வியல் பாடத்தைத் தொடங்கினார்கள். ஒரு பெரிய வேலையைச் சிறு வேலைகளாகப் பிரித்து, எது முடிந்தால் எது தொடங்கலாம் என்று அம்புக்குறியிட்டு வலைப்படமாக வரைய வேண்டும். தொடக்கத்திலிருந்து முடிவுக்குப் போகும் வழிகளுள் எது மிக நீளமானதோ, அதுதான் முழு வேலைக்கும் ஆகும் காலம். அந்த நீண்ட வழியில் ஒரு நாள் தவறினால் முழு வேலையிலும் ஒரு நாள் தவறும். மற்ற வழிகளில் சில நாள் தவறினாலும் பொறுத்துக்கொள்ளலாம். 1950களின் இறுதியில் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்திலும், ‘பெர்ட்’ என்ற பெயரில் 1958-இல் அந்நாட்டுக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திலும் உருவான முறைகள் இவை. ஏவுகணைக்கு உதவியது எங்கள் வாமனருக்கு உதவாதா என்று எண்ணினேன்.

பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் பட்டறையின் வேலைகளை வரைந்தேன். வண்ணம் வாங்குதல், தூரிகை வாங்குதல், பெட்டி, வைக்கோல் ஆகியவை எல்லாம் கிளை வழிகள். அவற்றில் அவசரமில்லை. நீண்ட வழி எது என்று பார்த்தால் மண், அச்சு, உலர்த்தல், சூளை, வெள்ளை, வண்ணம், கண் என்ற ஒரே கோடு. அந்தக் கோட்டிலும் மனிதக் கையால் சுருக்க முடியாத பகுதி ஒன்று இருந்தது: உலர்த்தல். மற்ற எதற்கும் கூடுதலாக ஓர் ஆளைச் சேர்க்கலாம். பத்துப் பேர் சேர்ந்து ஊதினாலும் களிமண் சீக்கிரம் காயாது.

படத்தை எடுத்துக்கொண்டு பட்டறைப் பெரியவரிடம் போனேன். அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பவர். ஆனால் படத்தை நொடியில் புரிந்துகொண்டார். விரலால் கோட்டைத் தடவியபடி, “காய்றதுக்கு ஆறு நாள்னு போட்டுருக்கியே தாயி, வராகமும் வாமனனும் ஒரே நாள்ல காயுமா? கனம் வேற, மண் வேற. ஆடிக் காத்துல வெளியில வச்சா மேல்தோல் மட்டும் காஞ்சு வெடிச்சுப் போகும். நெழல்ல வச்சுத் திருப்பித் திருப்பி விடணும். மழைக்கும் சேத்துக் கணக்குப் போட்டியா?” என்று கேட்டார்.

நான் போடவில்லை. வெட்கமாக இருந்தது. மண்ணை மிதித்தவரைக் கேட்காமல் மண்ணுக்குக் கணக்குப் போட்டது என் பிழை. ஆயினும் அவர் கேள்விக்கு விடை அந்தப் பாடத்திலேயே இருந்தது. பெர்ட் முறையில் ஒரு வேலைக்கு ஒரு காலத்தை மட்டும் எழுதுவதில்லை, மூன்று எழுதுவர். எல்லாம் கூடிவந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், மிக மோசமானால் எத்தனை நாள். வழக்கமான காலத்தை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் எதிர்பார்க்கத்தக்க காலம் கிடைக்கும். நல்ல காலத்தில் நான்கு நாள், வழக்கமாக ஆறு நாள், மழை பிடித்தால் பதினான்கு நாள் என்று வைத்துக்கொள்வோம். நான்கும் இருபத்து நான்கும் பதினான்கும் நாற்பத்திரண்டு. ஆறால் வகுத்தால் ஏழு. வழக்கத்தைவிட ஒரு நாள் கூடுதல். அந்த ஒரு நாள்தான் மழைக்கு நாம் முன்கூட்டியே கொடுக்கும் மரியாதை. இதை விளக்கியதும் பெரியவர், “இதத்தான எங்கய்யா ‘மழைக்கு ஒரு நாள் ஒதுக்கி வையி’ம்பாரு” என்றார். நூலறிவும் கையறிவும் ஒரே இடத்தில் வந்து கை குலுக்கியதை அன்று கண்டேன்.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். பட்டறையில் ஒரே சமயத்தில் பல ஆர்டர்கள் வரும். எதை முதலில் எடுப்பது? முன்பணம் அதிகம் தந்தவருடையதை எடுப்பது வழக்கம். 1954-இல் ஜான்சன் என்ற கணித அறிஞர், இரண்டு கட்டங்களைக் கடந்து போகும் வேலைகளை எந்த வரிசையில் எடுத்தால் மொத்தக் காலம் குறையும் என்பதற்கு எளிய விதி ஒன்றைத் தந்தார். ஓர் ஆர்டருக்கு அச்சுவேலை ஐந்து நாள், வண்ணவேலை இரண்டு நாள். மற்றொன்றுக்கு அச்சு ஒரு நாள், வண்ணம் நான்கு நாள். உலர்த்தலையும் சூளையையும் இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். முதலாவதை முதலில் எடுத்தால் வண்ணக்காரர்கள் ஐந்து நாள் சும்மா இருந்து, மொத்தம் பதினொரு நாளில் வேலை முடியும். இரண்டாவதை முதலில் எடுத்தால் எட்டு நாளில் முடிந்துவிடும். ஒருவரும் ஒரு நிமிடம்கூட வேகமாக வேலை செய்யவில்லை. ஆனாலும் மூன்று நாள் மிச்சம். முதற்கட்டம் குறுகியதை முன்னே விடு, இரண்டாம் கட்டம் குறுகியதைப் பின்னே விடு என்பதே விதியின் சாரம். அவசரப்பட்டு வண்ணம் உரிவதற்கும், நிதானமாகப் பூசி வண்ணம் நிலைப்பதற்கும் இடையே இருப்பது இந்த மூன்று நாள்தான்.

“கலைக்குக் கால அட்டவணையா? கலை உள்ளத்திலிருந்து ஊற்றெடுப்பது அல்லவா? அதைக் கட்டம் போட்டுச் சிறை வைக்கலாமா?” என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நம் முன்னோர் அப்படி எண்ணவில்லை. நம் வட்டாரத்தில் அய்யனாருக்குப் புரவி எடுக்கும் ஊர்களில் ‘பிடிமண் கொடுத்தல்’ என்ற வழக்கம் உண்டு. ஊரார் கூடி, ஊர் மண்ணில் ஒரு பிடியை எடுத்து, புரவி செய்யும் வேளார் கையில் கொடுப்பர். மண் கைமாறிய அந்த நொடியிலிருந்து புரவிக்கு அவர் பொறுப்பு. திருவிழா நாள் ஊரறிந்தது, செய்பவரும் ஊரறிந்தவர். ஒப்பந்தம், காலக்கெடு, பொறுப்பாளர் ஆகிய மூன்றும் ஒரு பிடி மண்ணில் அடங்கிவிடுகின்றன. வள்ளுவரும் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறார்.

குமரிமுனையில் நிற்கும் அந்த வள்ளுவரின் சிலையை எண்ணிப் பாருங்கள். 133 அடி. கணபதி ஸ்தபதியின் தலைமையில் பலர் உழைத்து 2000-ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பட்டது. கரையில் தனித்தனியாகச் செதுக்கப்பட்ட கற்கள் கடல் கடந்து பாறையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஒரே உருவாயின. எந்தக் கல் எந்த வரிசையில் எந்த இடத்தில் என்பது முன்பே எழுதப்படாவிட்டால், அது சிலையாகியிருக்குமா, கற்குவியலாகியிருக்குமா?

திட்டமிட்டால் மட்டும் போதாது. திட்டத்தில் உழைத்தவருக்கு உரியதும் எழுதப்பட வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் 1010-இல் நிறைவுற்றது. அதை எடுப்பித்த மாமன்னனின் பெயரோடு, கட்டிய தலைமைத் தச்சரான குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சனின் பெயரும் அங்கே கல்லில் இருக்கிறது. செய்வித்தவரும் செய்தவரும் ஒரே கோயிலில் எழுத்தாக நிற்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஆண்ட்வெர்ப் நகரில் ரூபன்ஸ் என்ற ஓவியர் பெரிய கலைக்கூடம் நடத்தினார். மாணவர்கள் தீட்டுவர், அவர் திருத்தி முடிப்பார். 1618-இல் ஆங்கிலேயத் தூதர் ஒருவருக்குத் தம் ஓவியங்களின் பட்டியலை அனுப்பியபோது, இது முழுதும் என் கை, இது மாணவர் தொடங்கியது, இதில் உள்ள கழுகு மட்டும் ஸ்னைடர்ஸ் என்பவர் தீட்டியது என்று ஒவ்வொன்றுக்கும் விலையோடு பிரித்து எழுதினார். கழுகுக்குக்கூடக் கணக்குக் காட்டிய அந்த நேர்மையை நான் பாராட்டுகிறேன்.

நம் மாநிலத்திலேயே இன்னொரு முன்மாதிரி உண்டு. சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினர். ஓவியம் மட்டும் வயிற்றை நிரப்பாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பாட்டிக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுச் சங்கமாகப் பணம் சேர்த்துக் கடற்கரையோரம் நிலம் வாங்கினர். கணக்கு எழுதினால் கலை கெட்டுவிடும் என்று அவர்கள் அஞ்சியிருந்தால், அந்தக் கிராமம் கனவாகவே முடிந்திருக்கும்.

ஆயினும் ஓர் ஐயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். திட்டம் என்ற பெயரில் சாட்டை வந்து சேரக்கூடும். ‘உனக்கு ஒரு பொம்மைக்குப் பத்து நிமிடம்’ என்று கடிகாரத்தை முன்னே வைத்தால், கணக்குப் படித்த நானே என் அம்மாவுக்குப் பகையாவேன். எனவேதான் சொல்கிறேன்: திட்டத்தை மேலிருந்து எழுதக் கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் காலத்தை அந்த வேலையைச் செய்பவர் வாயால் கேட்டு எழுத வேண்டும். காய வேண்டிய காலத்தையும் கண் திறக்க வேண்டிய காலத்தையும் யாரும் தொடக்கூடாத நிலமாக வேலியிட்டு வைக்க வேண்டும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு கைமாற்றத்தையும் தேதியோடு எழுத வேண்டும். இவ்வாண்டு பெரியவரின் சம்மதத்தோடு ஒரு நோட்டுப் போட்டோம். அட்டையில் ‘கைமாற்று நோட்டு’ என்று எழுதினேன். பட்டறைப் பெண்கள் அதைப் படித்துவிட்டு, “யாருக்கு எவ்வளவு கைமாத்துக் குடுத்த?” என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ‘ஒப்படைப்பு நோட்டு’ என்று மாற்றினேன். அச்சிலிருந்து எத்தனை வந்தன, என்று வந்தன, சூளையிலிருந்து எத்தனை, என்று. எடுத்தவர் பெயர், கொடுத்தவர் பெயர். அவ்வளவுதான். எழுதத் தெரியாதவர்கள் தங்கள் வண்ணத்தில் ஒரு பொட்டு வைத்தார்கள்.

இதனால் விளைந்தது என்ன? பெரிய அற்புதம் எதுவும் நிகழவில்லை. இவ்வாண்டும் மழை வந்தது. இவ்வாண்டும் ஓர் ஆர்டர் பிந்தியது. ஆனால் பிந்தப் போகிறது என்பது பன்னிரண்டு நாள் முன்பே நோட்டில் தெரிந்துவிட்டது. வாங்குபவருக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் பாதியை முதலிலும் மீதியைப் பிறகும் பெற்றுக்கொள்ள இசைந்தார். யாரும் ஈரத்தின்மேல் வண்ணம் பூசவில்லை. யார் கூலியும் கழியவில்லை.

மூன்றாவது செய்தி இன்னும் நிறைவேறாதது. பழுது நேர்ந்தால் அதன் சுமையை, அது எங்கே பிறந்ததோ அந்த இடத்திலிருந்து பகிர வேண்டும். ஆதாயம் வந்தால் அதையும் அப்படியே பகிர வேண்டும். இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் உடனே விடை சொல்லவில்லை. வெற்றிலையை மென்றபடி நெடுநேரம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். “பாப்போம் தாயி” என்றார். அவருக்கும் கடன் உண்டு. அவருக்கும் மேலே வியாபாரி உண்டு. அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கேள்வி இப்போது பட்டறைக்குள் வந்துவிட்டது. சென்ற ஆண்டு அந்தக் கேள்வி என் உறக்கத்தை மட்டுமே கெடுத்தது.

நண்பர்களே! இது பொம்மைப் பட்டறைக்கு மட்டும் உரிய செய்தி என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் கல்லூரி விழா மேடையை நினைத்துப் பாருங்கள். பின்திரை எழுதுபவர் நால்வர். தோரணம் கட்டுபவர் பத்துப் பேர். எல்லா வேலையும் முதல் நாள் இரவு வரை தள்ளிப்போகும். எழுத்துக் காயாத திரையைத் தூக்கிக் கட்டும்போது வண்ணம் வழிந்தால், “யாரப்பா எழுதியது?” என்ற கேள்வி மட்டும் எழும். நன்றியுரையில் செய்வித்தவர்கள் பெயர் வரிசையாக வரும். செய்தவர்கள் பெயர் வருவதில்லை. அடுத்த விழாவுக்கு ஒரு மாதம் முன்பே ஒரு வலைப்படம் வரைவோம். திரை காய இரண்டு நாள் ஒதுக்குவோம். நன்றியுரையின் கடைசி வரியிலாவது அந்தப் பதினான்கு பெயர்களையும் சேர்ப்போம். கணிதத் துறை மாணவர்கள் படம் வரைந்து தரக் காத்திருக்கிறோம்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. செயல்முறை ஆய்வியல் நூல்களில் எடுத்துக்காட்டுகள் எல்லாம் இயந்திரங்களும் கிடங்குகளும் லாரிகளுமாக இருக்கின்றன. ஒரு முறையாவது எங்களை ஒரு பொம்மைப் பட்டறைக்கோ, சுவாமிமலைச் சிற்பக்கூடத்திற்கோ அழைத்துச் செல்லுங்கள். மெழுகில் உருச் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகத்தை ஊற்றி, உளியால் சீவி முடிக்கும் அந்த வேலையில் எந்தக் கட்டம் எதற்காகக் காத்திருக்கிறது என்று நாங்களே கேட்டு எழுதி வருகிறோம். எங்களைப் போல முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களுள் பலருக்கு வீட்டில் ஒரு பட்டறையோ, தறியோ, சூளையோ இருக்கிறது. படிப்பு எங்களை அவற்றிலிருந்து தூர விலக்கும் ஏணியாக மட்டும் இருந்துவிடக் கூடாது.

போன மாதம் அம்மாவைப் பேச்சிப்பள்ளத்திற்கு அழைத்துச் சென்றேன். பிறந்தது முதல் மலையடியில் வாழ்ந்தவர். ஆனால் எழுத்தை யாரும் அவருக்குப் படித்துச் சொன்னதில்லை. குணமதியார் செய்வித்த திருமேனி என்று சொன்னேன். அம்மா எழுத்தைப் பார்க்கவில்லை. சிற்பத்தின் அருகே போய், மடித்த காலின் வளைவை விரல் படாமல் காற்றில் தடவிப் பார்த்தார். “பாறையில ஒரு தடவ தப்பாப் போனா மாத்த முடியாதுல்ல? நல்ல கைகாரன்” என்றார்.

செய்தவருக்கு ஆயிரம் ஆண்டுகள் கழித்துக் கிடைத்த கூலி அது. நம் காலத்தில் செய்பவர்கள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும்.